குட்டிப் பச்சோந்தி சாப்பிடலையா? 'வேண்டாம்'னு சொல்லுதா, 'முடியல'ன்னு சொல்லுதா? கண்டுபிடிப்பது எப்படி?

கட்சி மாறுபவர்களை 'பச்சோந்தி' என்று திட்டுவது நம்ம ஊர் அரசியலில் ரொம்ப சகஜம். ஆனால் நிஜப் பச்சோந்தி, ஆளுக்குத் தகுந்த மாதிரி நிறம் மாறுவது இல்லை. குளிர், வெயில், பயம், கோபம், உடம்பு சரியில்லாதது என எல்லாவற்றையும் அது நிறத்தில்தான் காட்டுகிறது. குரல் இல்லாத அந்த உயிரினத்துக்கு நிறம்தான் மொழி.

அமெரிக்கா மற்றும் ஐரோப்பிய நாடுகளில் பச்சோந்தியை வீட்டில் வளர்ப்பவர்கள் நிறைய பேர். அதில் அதிகம் வளர்க்கப்படுவது, தலையில் கிரீடம் வைத்தது போல இருக்கும் 'வெய்ல்டு கமீலியன்'. இதன் சொந்த ஊர் ஏமனும், சவுதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும். அதனால் இதை ஏமன் பச்சோந்தி என்றும் சொல்வார்கள்.

குட்டியை வாங்கி வந்தவர்களுக்கு முதலில் வரும் பயம் ஒன்றே ஒன்றுதான். "குட்டி சாப்பிடவே மாட்டேங்குது, என்ன பண்றது?"

பூச்சியை மாற்றிப் பார்ப்பது, வாயைத் திறந்து ஊட்டிப் பார்ப்பது என்று பலரும் உணவிலேயே தீர்வு தேடுகிறார்கள். ஆனால் பிரச்சனை பெரும்பாலும் உணவில் இருக்காது. கூண்டில் இருக்கும். விரிவாகப் பார்க்கலாம்.

(இந்தியாவில் பச்சோந்தி வளர்ப்பது குறித்து சட்டம் என்ன சொல்கிறது என்பது இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில்.)

குட்டிக்கு மட்டும் ஏன் அவசரம்?

வளர்ந்த பச்சோந்தி ஒன்றிரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டியது இல்லை. குட்டி கதை வேறு. முட்டையிலிருந்து வெளிவரும்போது விரல் நீளம்கூட இல்லாத இந்தக் குட்டி, ஒரு வருடத்துக்குள் கிட்டத்தட்ட முழு வளர்ச்சி அடைந்துவிடும். எலும்பு, தசை எல்லாம் வேகமாக வளரும் காலம் இது. உடம்பில் கொழுப்புச் சேமிப்பு மிகக் குறைவு.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காட்டில் நோயாளி போலத் தெரிந்தால் பறவையோ பாம்போ தூக்கிவிடும். அதனால் பச்சோந்தி தன் பலவீனத்தை முடிந்தவரை மறைக்கும். நம் கண்ணுக்கு 'டல்லா இருக்கே' என்று தெரியும்போது, உள்ளே பிரச்சனை பல நாள் பழசாகி இருக்கலாம்.

உண்மையிலேயே சாப்பிடலையா?

6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு தினமும் உணவு வேண்டும். பழ ஈ, சுவர்க்கோழி எனப்படும் கிரிக்கெட் பூச்சியின் குஞ்சுகள்தான் முக்கிய உணவு. பூச்சியின் நீளம், குட்டியின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. பெரிய பூச்சியைப் போட்டுவிட்டு 'சாப்பிடல' என்று கவலைப்படுபவர்களும் உண்டு.

கூண்டில் பூச்சிகளை அப்படியே விட்டுவிட்டால், குட்டி தின்றதா, பூச்சி இலைக்குள் ஒளிந்துகொண்டதா என்று தெரியாது. ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் எண்ணிப் போட்டு, கிளை அருகே கட்டி விடுங்கள். மாலையில் எத்தனை மீதி என்று எண்ணுங்கள்.

கூடவே கிராம் கணக்கில் காட்டும் டிஜிட்டல் எடை மெஷின் ஒன்று வேண்டும். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். குட்டியைக் கையால் பிடிக்காமல், ஒரு குச்சியில் ஏறவிட்டு எடை போட்டு, பிறகு குச்சியின் எடையைக் கழித்தால் போதும். குட்டியின் எடை வாராவாரம் ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலே அது எச்சரிக்கை. இறங்கினால் ஆபத்து.

10 நிமிடம் தள்ளி நின்று பாருங்கள்

பூச்சியைப் போட்டுவிட்டு, குட்டியின் பார்வையில் படாத தூரத்தில் இருந்து 10 நிமிடம் கவனியுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

1. பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை: இது 'வேண்டாம்'. குளிர், தாகம், பயம் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

2. இரண்டு கண்ணாலும் குறி பார்க்கிறது, வாய் திறக்கிறது, ஆனால் நாக்கு பாதியில் நிற்கிறது அல்லது திரும்பத் திரும்பக் குறி தவறுகிறது: இது 'முடியல'. கால்சியம் குறைபாடு, நாக்கில் காயம், கண் பிரச்சனை ஆகியவை காரணமாக இருக்கலாம்.

3. பிடிக்கிறது, ஆனால் மெல்ல முடியாமல் கீழே போடுகிறது: தாடை எலும்பு மென்மையாகி இருக்கலாம். வாயில் புண்ணும் இருக்கலாம்.

முதல் வகையை வீட்டிலேயே சரிசெய்ய வாய்ப்பு அதிகம். மற்ற இரண்டுக்கும் மருத்துவர் தேவை. 'பசிச்சா தானா சாப்பிடும்' என்று காத்திருந்தால் குட்டி பிழைக்காமல் போகலாம்.

முதல் சோதனை: சூடு

பச்சோந்திக்கு உடம்புக்குள் சூடு உற்பத்தி ஆகாது. வெளிச்சூடு கிடைத்தால்தான் வயிறு வேலை செய்யும். குட்டி வெயில் காயும் கிளையில் வெப்பநிலை 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூண்டின் மற்ற இடங்கள் 22 முதல் 25 டிகிரி போதும். இரவில் இன்னும் குறைவது நல்லதுதான்.

சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். குட்டியின் முதுகு படும் அதே இடத்தில் அளக்க வேண்டும். சூடு அதிகமானாலும் ஆபத்துதான். சின்ன உடம்பு சீக்கிரம் காய்ந்துவிடும்.

இதில் பலர் ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. 'பூச்சியைப் பிடிக்குதே, அப்போ சூடு சரியாத்தான் இருக்கு' என்று நினைப்பார்கள். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் இதே ஏமன் பச்சோந்திகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்துப் பார்த்தார்கள். 15 டிகிரி குளிரிலும் நாக்கு பாயும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. காரணம், நாக்கு உண்டிவில் போல வேலை செய்கிறது. தசை முதலில் இழுத்து வைக்கும் விசைதான் நாக்கை எறிகிறது. நாக்கை உள்ளே இழுப்பது வெறும் தசை வேலை என்பதால், குளிரில் அது மட்டும் நன்றாகவே மந்தமானது.

அதாவது, குளிரிலும் குட்டி பூச்சியைப் பிடித்துவிடும். ஆனால் ஜீரணம் ஆகாது. வயிற்றில் தேங்கும். அடுத்த நாள் சாப்பிடாது.

இரண்டாவது: தாகம்

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலான பச்சோந்திகளுக்கு அது தண்ணீர் என்றே புரியாது. இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். காலை, மாலை இரண்டு வேளையும் சில நிமிடங்கள் இலைகள் நனைய ஸ்ப்ரே செய்யுங்கள். பகலில் சொட்டுச் சொட்டாக விழும் டிரிப்பர் வைத்தால் இன்னும் நல்லது. நடுவில் கூண்டு காய்ந்துவிட வேண்டும். எப்போதும் ஈரமாக இருந்தால் நுரையீரல் தொற்று வரும்.

தாகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எச்சத்தைப் பாருங்கள். அதில் கருப்பு, வெள்ளை என இரண்டு பகுதி இருக்கும். வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தால் தண்ணீர் போதுகிறது. ஆரஞ்சு நிறமாக மாறினால் தாகம். கண் குழி விழுந்திருந்தால் தாகம் முற்றிவிட்டது. தாகத்தில் இருக்கும் குட்டிக்குப் பசிக்காது. முதலில் தண்ணீர், பிறகுதான் பூச்சி.

மூன்றாவது: பயம்

புது வீட்டுக்கு வந்த குட்டி சில நாட்கள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது உண்டு. தோல் உரிக்கும்போதும் ஒரு நாள் இரண்டு நாள் அப்படி இருக்கும். அதைத் தாண்டினால் இவற்றைக் கவனியுங்கள்.

* கூண்டு தரையில் இருக்கிறதா? நாம் மேலிருந்து குனிந்து பார்ப்பது அதற்குப் பருந்து பாய்வது மாதிரி. கூண்டை நம் கண் மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள்.
* ஒளிந்துகொள்ள இலைகள் இருக்கிறதா? மணி பிளான்ட், செம்பருத்தி போன்ற செடிகளை அடர்த்தியாக வையுங்கள்.
* கண்ணாடியில் அதன் உருவமே தெரிகிறதா? அதை எதிரி என்று நினைத்துவிடும்.
* இரண்டு குட்டிகள் ஒன்றாக இருக்கின்றனவா? சண்டையே போடாவிட்டாலும் பெரியது வெயிலையும் உணவையும் எடுத்துக்கொள்ளும். சின்னது பட்டினி கிடக்கும். தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.
* அடிக்கடி கையில் தூக்குகிறீர்களா? தயவுசெய்து நிறுத்துங்கள். நாய், பூனை மாதிரி தடவிக் கொடுத்தால் இதற்குப் பிடிக்காது.

நாள் முழுக்க கரும்பழுப்பாக இருந்தால் அது குளிரிலோ பயத்திலோ இருக்கிறது என்று அர்த்தம்.

'முடியல' என்பதன் பின்னணி

நாக்கு பாய்வதற்கு உறுதியான எலும்பும், தசை சுருங்குவதற்குக் கால்சியமும் வேண்டும். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். டி3 உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒன்று அறுந்தாலும் எலும்பு ரப்பர் மாதிரி வளைய ஆரம்பிக்கும். நாக்கு பாதியில் நிற்பது, கால் வளைவது, நடக்கும்போது நடுங்குவது எல்லாம் அதன் அறிகுறிகள்.

'ஜன்னல் ஓரம்தான் வச்சிருக்கேன், வெயில் நல்லா வருதே' என்று சொல்பவர்கள் கவனிக்க: ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் நீளமான யுவிபி டியூப் லைட் வேண்டும். பகலில் 12 மணி நேரம் எரிய வேண்டும். இரவில் முழு இருட்டு. டியூப் பளிச்சென்று எரிந்தாலும் உள்ளே யுவிபி தீர்ந்திருக்கலாம். அதனால் சுமார் ஒரு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பூச்சி மீது டி3 இல்லாத கால்சியம் பொடியைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு வேளையும் லேசாகத் தூவ வேண்டும். டி3, வைட்டமின் ஏ கலந்த மல்டிவைட்டமின் பொடி மாதத்துக்கு இரண்டு முறை போதும். 'நல்லதுதானே' என்று தினமும் கொட்டினால் அதுவே விஷம்.

பூச்சிகளுக்கும் சாப்பாடு போடுங்கள். கேரட், கீரை தின்ற பூச்சிதான் சத்துள்ள பூச்சி.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

* வாயைத் திறந்து திணிக்க வேண்டாம். மென்மையான தாடை உடையலாம். உணவு மூச்சுக்குழாயில் போகலாம்.
* வீட்டுக் கரப்பான், தோட்டத்துப் பூச்சிகள் வேண்டாம். பூச்சிமருந்து பட்டிருக்கலாம்.
* மின்மினிப்பூச்சி கூடவே கூடாது. சில வகை மின்மினிகளின் விஷம் பல்லி இனங்களைக் கொன்றிருக்கிறது.
* இரவில் கூண்டில் பூச்சியை விட வேண்டாம். தூங்கும் குட்டியைக் கிரிக்கெட் பூச்சிகள் கடிக்கும்.
* ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். எது உதவியது என்றே தெரியாது. குட்டிக்கும் பயம் கூடும். ஆனால் சூடும் தண்ணீரும் தவறாக இருந்தால் உடனே சரிசெய்யுங்கள்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

பகலில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் அன்றே போக வேண்டும். ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் தூங்காது.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, வாயில் சளி, கண் வீக்கம், கிளையைப் பிடிக்க முடியாமல் விழுவது ஆகியவற்றுக்கும் அதே அவசரம்தான். வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், சூடு, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் சரியாக இருந்தும் குட்டி 2, 3 நாள் எதுவுமே தின்னவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். போகும்போது புதிய எச்சத்தைக் கொண்டு போங்கள். குடல் புழு, ஒட்டுண்ணி இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். எடை எழுதிய நோட்டு, கூண்டின் போட்டோ, லைட் மற்றும் பொடி டப்பாவின் போட்டோ ஆகியவையும் வேண்டும். பாதி பதில் அந்தப் போட்டோக்களிலேயே கிடைத்துவிடும்.

பெண் குட்டியாக இருந்து, 4, 5 மாதத்தைத் தாண்டியிருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. ஆண் துணை இல்லாமலேயே இவற்றுக்கு முட்டை உருவாகும். அப்போது சாப்பாடு குறையும், கூண்டின் தரையில் அலையும். தோண்டி முட்டையிட ஈரமண் தொட்டி இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும்.

இந்தியாவில் வளர்க்கலாமா?

தமிழ்நாட்டிலும் பச்சோந்தி உண்டு. அது 'இந்தியப் பச்சோந்தி' என்ற வேறு இனம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம். குட்டி என்றாலும் அதே சட்டம்தான்.

ஏமன் பச்சோந்தி போன்ற வெளிநாட்டு இனங்கள், 'சைட்ஸ்' என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் 2-வது பட்டியலில் இருப்பவை. 2022-ல் திருத்தப்பட்ட சட்டம், 2024-ல் வந்த விதிகள் ஆகியவற்றின்படி, இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 'பில் எல்லாம் வேண்டாம் சார், கேஷ் கொடுங்க' என்று யாராவது விற்றால் விலகிவிடுவதே நல்லது.

ரோட்டில் ஒரு பச்சோந்தி மெதுவாக ஆடி ஆடிக் கடப்பதைப் பார்த்தால், 'பாவம், பசியா இருக்கும்' என்று வீட்டுக்குத் தூக்கி வர வேண்டாம். அது நடப்பதே அப்படித்தான். வண்டி மோதாமல், அது போகும் பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டால் போதும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வீட்டில் குட்டி வைத்திருப்பவர்கள், நாளைக் காலை பூச்சி போடுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். கிளையில் சூடு எவ்வளவு? எச்சத்தில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா? யுவிபி டியூப் வாங்கி எத்தனை மாதம் ஆச்சு? குட்டி ஏன் சாப்பிடவில்லை என்பதற்கான பதில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும்.