ஏலம் போகும் வைரங்கள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஒரே ஒரு கல்லுக்கு 7 கோடி டாலர் என்கிறார்களே, நிஜமாகவே யாராவது கொடுக்கிறார்களா?

கொடுத்திருக்கிறார்கள். கேட்டுவிட்டுக் கைவிரித்தவரும் உண்டு. ‘பிங்க் ஸ்டார்’ என்ற இளஞ்சிவப்பு வைரம் 59.60 காரட், ஒன்றரைப் பவுனுக்கும் சற்றே குறைந்த எடை. 2013 நவம்பரில் ஜெனீவாவில் சோத்பீஸ் நடத்திய ஏலத்தில் அது சுமார் 8.3 கோடி டாலருக்குப் போனதாக உலகம் முழுக்கச் செய்தி. ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லை. விற்பவருக்கு இவ்வளவு தருகிறோம் என்று சோத்பீஸ் முன்பே வாக்குக் கொடுத்திருந்ததால், கல் அவர்கள் தலையிலேயே விழுந்தது. 2017 ஏப்ரலில் ஹாங்காங்கில் மறுபடி ஏலம் விட்டபோது, சவ் டாய் ஃபுக் என்ற நகை நிறுவனம் 7.12 கோடி டாலருக்கு எடுத்தது. மறுநாள் காலைச் செய்தியில் வருவது கேட்ட தொகைதான்; பணம் கைமாறினால்தான் அது விலை.

அறிவித்த மதிப்பைத் தாண்டி விற்றது என்று அடிக்கடி வருகிறதே?

பாதி கணக்கு விளையாட்டு. சுத்தியல் தட்டும் தொகைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் தனி, நம்மூர்க் கடையில் செய்கூலி, சேதாரம் ஏறுவதுபோல. முன்கூட்டிச் சொல்லும் மதிப்பில் அந்தக் கமிஷன் சேராது. பிறகு செய்தியில் வரும் விலையில் பெரும்பாலும் சேர்ந்திருக்கும்.

கோல்கொண்டா வைரம் என்றால் ஏன் இந்த மவுசு?

நைட்ரஜன் கலப்பு ஏறக்குறைய இல்லாததால் மஞ்சள் சாயல் துளியும் தட்டாத வெள்ளைக் கற்களுக்குப் பெயர் போனவை கோல்கொண்டா பகுதிச் சுரங்கங்கள். அவை வற்றி வெகுகாலமாயிற்று. ஆனால் கல்லின் தரத்தைச் சொல்லும் ஆய்வுக்கூடம், அது எந்தச் சுரங்கத்துக் கல் என்று அடித்துச் சொல்லாது. அதனால் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற ஆவணத்துக்கே பணம். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, இங்கிலாந்து ராணி சார்லட்டுக்குக் கொடுத்த வைரங்களில் ஒன்று 17.21 காரட் ‘ஆற்காடு 2’. பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு குடும்பத்தின் கிரீடத்தில் இருந்தது. 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 33.75 லட்சம் டாலருக்குப் போனது.

‘கோல்கொண்டா ப்ளூ’ ஏலம் ஏன் கடைசி நேரத்தில் நின்றது?

இந்தூர் மகாராஜாவிடம் இருந்த 23.24 காரட் நீல வைரம் அது. 2025 மே மாதம் ஜெனீவாவில் ஏலத்துக்கு வர இருந்தது; மதிப்பு 3.5 கோடி முதல் 5 கோடி டாலர். ஏலத்துக்கு முன்பே ஹாரி வின்ஸ்டன் நிறுவனம் தனிப்பேரத்தில் வாங்கிவிட்டது.

பாட்டியின் ப்ளூ ஜாகர் ஏழுகல் வைரத் தோடு இருக்கிறது. இப்படி ஏலம் போகுமா?

போகாது. இந்த ஏலங்கள் தேடுவது பெரிய கல், அபூர்வ நிறம், அரச குடும்பத்து வரலாறு. ஏழுகல் தோட்டில் மூன்றும் கிடையாது. விற்றே ஆகவேண்டுமென்றால் கற்களுக்கு ஆய்வுக்கூடச் சான்று வாங்கி, மூன்று நான்கு கடைகளில் விலை கேளுங்கள். தோடு நூறு வயதைத் தாண்டியது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருளாகலாம்; அப்படியானால் தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது.