பிளே ஸ்கூலா, அங்கன்வாடியா? கணக்கு போட்டுப் பார்ப்போம்

செம்பரம்பாக்கத்துல குடியிருந்து ஒரகடத்துல வேலை பார்க்கிறீங்களா? குழந்தைக்கு 3 வயசாச்சுன்னா, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி பக்கத்து அங்கன்வாடியை நேர்ல போய்ப் பாருங்க.

அங்க ஃபீஸ் இல்ல, மதிய உணவும் உண்டு. படிப்பு எப்படி? தமிழ்நாட்டுல 640 மையங்களை வச்சு நடந்த ஓர் ஆய்வுல, பாதி மையங்களுக்குக் கூடுதலா ஓர் அரைநேரப் பணியாளரைக் கொடுத்தாங்க. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாச்சு; 18 மாசத்துல மொழி, கணக்கு ரெண்டுலயும் முன்னேற்றம். அதனால, தினமும் எவ்வளவு நேரம் பாடம் நடக்குதுன்னு கேளுங்க.

பிளே ஸ்கூல் மாசம் ரூ.3,000-ன்னா 2 வருஷத்துக்கு ரூ.72,000. பழைய வரி முறையில டியூஷன் ஃபீஸுக்கு வரிக் கழிவு உண்டு, புதுசுல கிடையாது.

ரெண்டு பேரும் ஷிப்ட் போறீங்களா? மையம் மூடின பிறகு குழந்தையைப் பார்த்துக்க ஆகுற செலவையும் சேர்த்து ஒப்பிடுங்க. மிச்சமானா, அதை அதே மாசமே ஆர்.டி.யில போட்டுடுங்க.