நட்சத்திரப் பிறப்புக் கணக்கு! குட்டி மண்டலங்களில் தடுமாறும் அளவுகோல்

கிங்ஸ் சர்க்கிள் மேம்பாலத்து விளக்கு வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தால், விரல்விட்டு எண்ணும்படிதான் நட்சத்திரங்கள் தெரியும். இங்கிருந்து மால்சேஜ் காட் வழியே சில மணி நேரம் பயணம் செய்தால் நாராயண்காவ். அதன் அருகே கோடத் கிராமத்தில் ஒரு ராட்சத ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. தலா 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 "டிஷ்"கள், 25 கி.மீ. தூரத்துக்குப் பரந்து நிற்கின்றன!

இதை உருவாக்கியவர் கொலாபா டாடா ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப். ஊட்டியில் 1970-ல் ரேடியோ டெலஸ்கோப் அமைத்தவரும் இவரே.

இங்கே ஆராயப்படுபவற்றில் ஒன்று, குட்டி நட்சத்திர மண்டலங்கள். இவற்றில் உலோகம் மிகக் குறைவு. ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாமே வான விஞ்ஞானிகளுக்கு "உலோகம்"தான், ஆக்சிஜன்கூட! (பள்ளிக்கூடப் பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போய்விடும்.)

எத்தனை நட்சத்திரம் பிறக்கிறது?

நமது பால்வீதியில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சூரியன் எடையுள்ள வாயு நட்சத்திரமாகிறது. சில குட்டி மண்டலங்களிலோ ஒரு சூரியன் எடை சேரவே ஆயிரம் ஆண்டு ஆகும்.

புது நட்சத்திரங்கள் வீசும் புற ஊதா ஒளியை அளந்து இதைக் கணக்கிடுகிறார்கள். பெரிய மண்டலங்களில் தூசி திரைபோல அந்த ஒளியை மறைக்கும். குட்டி மண்டலங்களில் தூசி குறைவு. ஒளி தாராளமாக வெளியே வரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை வைத்து எண்ணினால், சுமார் ஒரு கோடி ஆண்டுக்குள் மடிந்துவிடும் மிகப் பெரிய நட்சத்திரங்கள் மட்டுமே கணக்கில் வரும். பம்பாய் ஆஸ்பத்திரிகளில் எந்த நாளிலும் பிரசவம் உண்டு. இருபது வீடுள்ள நெல்லைக் கிராமத்தில் ஒரு நாள் விசாரித்து, "இங்கே குழந்தையே பிறப்பதில்லை" என்று எழுத முடியுமா? புற ஊதா ஒளி பத்துக் கோடி ஆண்டுக் கணக்கைக் காட்டும். எனவே இரண்டு கணக்கும் ஒத்துப்போவதில்லை.

நட்சத்திரமாகும் வாயுவை அளப்பதும் கஷ்டம். பெரிய மண்டலங்களில் கார்பன் மோனாக்சைடு அதைக் காட்டிக்கொடுக்கும். இங்கே கார்பனும் குறைவு, ஆக்சிஜனும் குறைவு. ஆகவே ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அனுப்பும் ரேடியோ அலையையே பிடிக்க வேண்டும்.

அதைத்தான் கோடத் டெலஸ்கோப் செய்தது. ஜெயராம் செங்கலூர், ஆயிஷா பேகம் ஆகியோர் கொண்ட குழு, அறுபதுக்கும் மேற்பட்ட மங்கலான குட்டி மண்டலங்களை ஆராய்ந்து 2008-ல் விவரம் வெளியிட்டது. இவற்றைப் புற ஊதாப் படங்களோடு ஒப்பிட்டபோது, பெரிய மண்டலங்களின் கணக்குப்படி பிறக்க வேண்டிய அளவுக்கு இங்கே நட்சத்திரங்கள் பிறக்கவில்லை என்று தெரிந்தது. வாயு இருக்கிறது, வேலைதான் மந்தம்!

பிரபஞ்சத்தின் தொடக்க காலத்தில் எல்லா மண்டலங்களும் உலோகம் குறைந்த ஏழைகளாகவே இருந்தன. இங்கே அளவுகோல் பிசகினால் அந்தக் காலத்துக் கணக்கும் பிசகும்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தையொட்டி, கோடத் நிலையத்துக்குள் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம்.