ஜிஐஎஸ் முதுநிலை படிப்பு: சாஃப்ட்வேர் மட்டும் தெரிஞ்சா போதுமா? சேரும் முன் கவனிக்க வேண்டியவை!

மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும்? ஏரியின் எல்லை எதுவரை? இப்படி 'எங்கே' என்ற கேள்விக்கு, வரைபடத்தையும் தகவலையும் இணைத்து விடை தேடுவதுதான் ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் அமைப்பு. இதில் முதுநிலைப் பட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், 'மேப் போடுற சாஃப்ட்வேரை யூடியூப்லயே கத்துக்கலாமே, எதுக்கு 2 வருஷம்?' என்பதுதான்.

எதெல்லாம் இலவசம்?

சந்தேகம் நியாயமானதே. க்யூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் இலவசம். லேண்ட்சாட், சென்டினல் செயற்கைக்கோள் படங்களும் இலவசம். டேராடூனில் உள்ள இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் (ஐஐஆர்எஸ்) ஆன்லைனில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. பட்டன் அழுத்தக் கற்க மட்டும் கல்லூரிக்கு ஃபீஸ் கட்டத் தேவையில்லை.

அப்போ 2 வருஷம் எதுக்கு?

படத்தை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி, தரையில் அதிகபட்சத் துல்லியத்திலேயே 10-க்கு 10 மீட்டர். அதாவது சுமார் இரண்டரை சென்ட். லேண்ட்சாட்டின் வழக்கமான படத்தில் 30-க்கு 30 மீட்டர், கிட்டத்தட்ட 4 கிரவுண்டு! அதற்குள் நாலு வீடு இருந்தாலும் தனித்தனியாகத் தெரியாது.

பழைய நில வரைபடமும் இன்றைய ஜிபிஎஸ்ஸும் பூமியை ஒரே கணக்கில் அளப்பதில்லை. அதைச் சரிசெய்யாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் எல்லைக்கோடு தள்ளி விழும். ஏரி ஆக்கிரமிப்புக் கணக்கெடுப்பில் இப்படி நடந்தால், பட்டா நிலத்தில் இருப்பவரின் வீடும் பட்டியலில் சேர்ந்துவிடும். பிழையைக் கண்டுபிடிப்பதும், நேரில் போய்ச் சரிபார்ப்பதும்தான் இந்தப் படிப்பின் சாரம்.

யார் எதில் சேரலாம்?

பொதுவாக எம்.எஸ்சி. படிப்பில் புவியியல், நிலவியல் போன்ற அறிவியல் பட்டதாரிகளும், எம்.இ., எம்.டெக். படிப்புகளில் சிவில் போன்ற பொறியியல் பட்டதாரிகளும் சேர்கிறார்கள். தகுதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலையுணர்வுக்கென்றே தனி நிறுவனம் உள்ளது. கேட் தேர்வில் ஜியோமேட்டிக்ஸ் இன்ஜினியரிங் 2022 முதல் தனித் தாளாக இருக்கிறது.

சேரும் முன் என்ன கேட்கணும்?

* களப்பணி எத்தனை நாள்? ஜிபிஎஸ் கருவியை மாணவர்களே கையாள்வார்களா?
* பைத்தான், டேட்டாபேஸ் பாடங்கள் உண்டா?
* இறுதி புராஜெக்ட்டில் மாணவர்களே தரவு சேகரிக்க வேண்டுமா?
* குறிவைக்கும் அரசு வேலையின் அறிவிக்கையில் இந்தப் பட்டத்தின் பெயர் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், ரிமோட் சென்சிங், ஜியோமேட்டிக்ஸ் எனப் பட்டத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்து, தகுதிப் பகுதியை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.