உங்களுக்குத் தெரியுமா? பாறையை உடைக்கும் முன் எண்ணெய்!

கோலார் தங்கவயலில், 2001இல் மூடப்படும்வரை, சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கங்களில் பாறை துளைத்த ஜாக்ஹாமர் அழுத்தக் காற்றில் ஓடியது. இத்தகைய கருவியில் பிஸ்டன் நிமிடத்துக்குச் சுமார் 2,000 முறை துளைக்கும் கம்பியை அடிக்கும். காற்றுக்குழாயைக் கருவியில் மாட்டுமுன் காற்றைப் பீய்ச்சி, உள்ளே கிடக்கும் மண்ணையும் துருவையும் வெளியேற்ற வேண்டும். பிறகு காற்றோடு எண்ணெய் துளித்துளியாகப் போக வேண்டும். கருவிக்குள் நுழையும் கம்பியின் அடித்தண்டு எண்ணெய்ப் பசையோடு மின்னினால் கருவி நலம். உலர்ந்துபோனால் உரசல், சூடு, கீறல். அந்தக் கீறலில்தான் விரிசல் பிறந்து பிஸ்டன் உடையும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் அப்படி உடைந்தால் என்ன பாடு!