ஆகாயத்தில் ஒரு திண்ணை

திண்டிவனத்தில் பாசஞ்சர் வண்டி ஏறி விழுப்புரத்தில் இறங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஊர் பார்ப்பதற்காக அல்ல, பேச்சுக் கேட்பதற்காக!

வண்டி புறப்படும்போது எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் யாரோ, நீங்கள் யாரோ. மயிலம் ஸ்டேஷன் வருவதற்குள், "விழுப்புரத்துக்கா போறீங்க?" என்று ஆரம்பமாகிவிடும். பேரணியில் கத்தரிக்காய் விலை. விக்கிரவாண்டியில் அவர் பெண்ணுக்கு வரன் தேடும் கதை. முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் உங்கள் முழங்கால் வலிக்கு ஒரு கைவைத்தியமும் கிடைத்துவிடும். விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கும்போது, "வீட்டுக்கு ஒரு நாள் வாங்க" என்பார். விலாசம் மட்டும் கொடுக்க மாட்டார்!

பக்கத்தில் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த உங்கள் கணவர் அப்போதுதான் வாயைத் திறப்பார்: "ஒரு மணி நேரமாக என்ன வெட்டிப் பேச்சு!"

சகோதரிகளே, இனிமேல் அப்படி யாராவது சொன்னால் நீங்கள் தலை குனிய வேண்டியதில்லை. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பேர், அவர்களில் பெரும்பாலோர் ஆண் பிள்ளைகள், பணம் செலவழித்து, பரீட்சை எழுதி, சர்க்கார் லைசென்ஸும் வாங்கி வைத்துக்கொண்டு இதே வெட்டிப் பேச்சைத்தான் ஆகாய மார்க்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு 'ஹாம்' என்று பெயர். அவர்களுடைய பொழுதுபோக்குக்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர்.

கந்தலை மெல்லுகிறவர்கள்

நம் வீட்டு ரேடியோ கேட்க மட்டும்தான் செய்யும். ஹாம்களின் ரேடியோ பேசவும் செய்யும். நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு நூறு வயது கடந்துவிட்டது. 1921-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்பவர் '2 ஜே.கே.' என்ற அழைப்புக் குறியுடன் இதைத் தொடங்கிவிட்டார்.

ஹாம்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு சாரார் தபால் தலை சேர்ப்பது போல் நாடுகளைச் சேர்ப்பவர்கள். இன்றைக்கு ஜப்பானுடன் பேசினேன், நேற்று பிரேசிலுடன் பேசினேன் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பேச்சும் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். மற்றொரு சாரார் சாவகாசப் பேர்வழிகள். ஒருவர் அகப்பட்டால் போதும். வானிலை, தோட்டம், பேரன், பல் வலி என்று மணிக்கணக்கில் ஓட்டுவார்கள். இதற்கு இங்கிலீஷில் 'ராக் சூ' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கந்தலை மெல்லுவது என்று அர்த்தம்! நாம் வாயை மெல்லுவது என்கிறோமே, அது மாதிரிதான். அமெரிக்காவில் இப்படி மெல்லுகிறவர்களுக்கென்று ஒரு கழகமே ஏற்பட்டது. ஒரே ஆளுடன் முழுசாக அரை மணி நேரம் அரட்டை அடித்தால் அதில் அங்கத்தினர் ஆகலாம். நம்மில் யார்தான் அதில் தேறமாட்டோம்?

இதில் பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதமும் கிடையாது. ஜோர்டான் தேசத்து மன்னர் ஹுசைன் 'ஜே.ஒய். 1' என்ற குறியுடன் ஆகாயத்துக்கு வந்து, அகப்பட்டவர்களுடனெல்லாம் சகஜமாகப் பேசி வந்தார். நம் ராஜீவ் காந்தியின் குறி 'வி.யு. 2 ஆர்.ஜி.' அவருடைய மனைவி சோனியா காந்திக்கும் தனிக் குறி உண்டு.

என்றும் இளமை

இந்த உலகத்தில் பெண்களுக்குக் கிடைக்கும் மரியாதையைக் கேளுங்கள். பதினாறு வயதானாலும் சரி, எண்பத்தாறு வயதானாலும் சரி, ரேடியோவில் பேசும் பெண்ணுக்கு 'ஒய்.எல்.' என்றுதான் பெயர். 'இளம் பெண்' என்பதன் சுருக்கம் அது! ஆண் பிள்ளைகளோ மீசை முளைக்காத பருவத்திலேயே 'ஓ.எம்.', அதாவது கிழவர் ஆகிவிடுகிறார்கள். ஹாமின் மனைவிக்கு 'எக்ஸ்.ஒய்.எல்.', முன்னாள் இளம் பெண் என்று ஒரு பட்டம். அதைச் சூட்டியவர் நிச்சயம் ஓர் ஆண் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

விடை பெறும்போது '73' என்றால் அன்பான வணக்கம். தந்தி காலத்திலிருந்து வந்த சங்கேதம் அது. '88' என்றால் அன்பு முத்தம்; ஆகையால் பார்த்துச் சொல்ல வேண்டும்! பெண்ணுக்குப் பெண் சொல்லிக்கொள்வதற்கென்றே '33' என்று ஓர் எண் இருக்கிறது. சிநேகிதத்தின் முத்திரை அது. 1939-இல் அமெரிக்காவில் ஒய்.எல்.களுக்கென்று தனிச் சங்கமும் தொடங்கிவிட்டார்கள்.

அண்ணியும் நாத்தனாரும்

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நீங்கள் விழுப்புரத்தில் இருக்கிறீர்கள். உங்கள் நாத்தனார் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். இரண்டு பேரும் லைசென்ஸ் வாங்கியாயிற்று. மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடி மாதிரி சுமார் 20 மீட்டர் கம்பி கட்டி, நடுவில் வெட்டி இணைத்தால் அதுதான் ஆண்டெனா. ஒரு கார் பாட்டரி இருந்தால் பெட்டி வேலை செய்யும். உங்கள் குரல் நேரே திண்டிவனத்துக்குப் போவதில்லை. ஆகாயத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரம் ஏறி, அங்கே உள்ள அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி, நாத்தனார் வீட்டு மாடியில் இறங்குகிறது!

"அண்ணி, உங்க குரல் நல்லா கேக்குது. இங்கே காலையிலேர்ந்து தூறல். அங்கே எப்படி? ஓவர்."

"இங்கே வெயில் கொளுத்துது. கூழ் வடகம் பிழிஞ்சு காயப் போட்டிருக்கேன். ஆண்டெனாக் கம்பியிலே ஒரு காக்கா உக்காந்து வடகத்தையே பாத்துக்கிட்டிருக்கு. ஓவர்."

"அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதா? அண்ணன் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனாரா? ஓவர்."

கவனித்தீர்களா? 'ஓவர்' என்று ஒருவர் சொன்ன பிறகுதான் மற்றவர் வாயைத் திறக்கலாம். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசினால் இருவர் பேச்சும் கெட்டுப்போகும். நாத்தனாரும் அண்ணியும் பேசிக்கொள்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியுமா?

முக்கியமான பேச்சுக்கு அனுமதி இல்லை!

இனிமேல்தான் வேடிக்கை இருக்கிறது. ஹாம்கள் ஏன் வெட்டிப் பேச்சுப் பேசுகிறார்கள் தெரியுமா? சட்டமே அப்படித்தான் சொல்லிற்று!

சர்வதேச ரேடியோ விதிகளில் நெடுங்காலம் ஒரு ஷரத்து இருந்தது. ஹாம்கள் தங்கள் கருவிகளின் பரீட்சை பற்றிப் பேசலாம். அதை விட்டால் சொந்த விஷயம் பேசலாம். ஆனால் அந்தச் சொந்த விஷயம், காசு கொடுத்துத் தந்தியோ டெலிபோனோ செய்யும் அளவுக்கு முக்கியம் இல்லாததாக இருக்க வேண்டும்! தபால் தந்தி இலாகாக்களின் வருமானத்தில் யாரும் கை வைத்துவிடக்கூடாதே என்ற ஜாக்கிரதைதான். 2003-இல் விதியைத் திருத்தியபோது 'முக்கியமில்லாத' என்ற அடைமொழி போய்விட்டது. சொந்தப் பேச்சுக்கு அனுமதி நிலைத்துவிட்டது. வியாபாரம் பேசக்கூடாது, சங்கீதம் ஒலிபரப்பக்கூடாது என்ற தடைகள் இன்றும் உண்டு.

ஆக, வடகம், காக்காய், கால் வீக்கம் இவையெல்லாம் சட்டபூர்வமான விஷயங்கள். ஆனால் அந்தச் சில்லறைப் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று உலகம் கண்டுகொண்ட நாள் ஒன்று வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அந்தமான் தீவுகளிலிருந்து ஹாம்கள் பேசுவதற்கு 1987-க்குப் பிறகு அனுமதி கிடைக்காமலே இருந்தது. நாடு சேர்ப்பவர்களுக்கு அது எட்டாக் கனி. பல வருஷ முயற்சிக்குப் பின் அந்த அனுமதியை வாங்கியவர் ஒரு பெண்மணி, ஸ்ரீமதி பாரதி பிரசாத். ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தின் சார்பில் ஒரு சிறு குழுவுடன் போர்ட் பிளேருக்குப் போனார். 2004 டிசம்பர் 3-ஆம் தேதி 'வி.யு. 4 ஆர்.பி.ஐ.' என்ற குறி ஆகாயத்தில் ஒலிக்கத் தொடங்கியது. மூன்று வாரங்களில் உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆயிரம் ஆயிரமாக ஹாம்கள் அவருடன் பேசிவிட்டார்கள். அந்தக் குரல் அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. பூமி குலுங்கிற்று. அப்போதும் அவர் ரேடியோவின் முன்னால்தான் இருந்தார். நில நடுக்கம் என்று அலைவழியே அறிவித்துவிட்டு வெளியே ஓடினார். பிறகு கடல் பொங்கி வந்தது. தீவுகளில் மின்சாரம் போயிற்று; டெலிபோன் போயிற்று. வேடிக்கைக்காகக் கொண்டுவந்த அந்தக் கருவிகளை அவரும் குழுவினரும் மறுபடி இயக்கினார்கள். பொழுதுபோக்கு அந்த நிமிஷத்தோடு நின்றது. தீவின் செய்தி தாய்நாட்டுக்குப் போயிற்று. குழுவைச் சேர்ந்தவர்கள் கார் நிகோபாருக்கும் கருவிகளைக் கொண்டு போனார்கள். "என் பிள்ளை அங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா?" என்று தவித்த குடும்பங்களுக்கு அந்த அலைவழியே பதில் வந்தது.

திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் கரையில் இருந்தவர்களுக்கு அந்தக் காலை மறக்காது. தீவுகளைத் தாக்கிய அதே கடல்தான் பிறகு நம் கரைக்கும் ஏறி வந்தது. முன்னெச்சரிக்கை செய்ய அன்று இந்துமகா சமுத்திரத்தில் ஏற்பாடு எதுவும் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது 2007-இல்தான்.

அரட்டை கற்றுக் கொடுத்த பாடம்

ஆபத்து வந்த அன்றைக்கு ஒரு பெட்டியை வாங்கித் திருகினால் பேச முடியாது. எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எடுபடும், எந்த ஊர் தெளிவாகக் கேட்கும், பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்து வருவதில்லை. தினம் தினம் வடகத்தையும் காக்காயையும் பற்றிப் பேசிப் பேசித்தான் வருகிறது. இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய குரலைப் பிரித்தறியும் காதும் அப்படி வருவதுதான்.

இன்னொன்றும் அந்தத் திண்ணையில் பழக்கமாகிறது. எவ்வளவு சுவாரசியமான அரட்டையாக இருந்தாலும், ஆபத்தில் இருக்கும் ஒருவர் குறுக்கிட்டுக் குரல் கொடுத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அவருக்கு வழி விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். ஆபத்தில் இருப்பவனுக்குத்தான் முதல் இடம்.

இதெல்லாம் எங்கேயோ கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரமும் திண்டிவனமும் வெள்ளத்தில் தத்தளித்தன. டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்ட, வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டு போனோமே, அதே வழிதான்! மின்சாரம் இல்லாத வீட்டில் கைப்பேசி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்? அப்படிப்பட்ட இரவில், பாட்டரியில் ஓடும் ஒரு பெட்டியும் அதைப் பேசப் பழகிய ஒருவரும் ஊருக்கு ஒருவர் இருந்தால் எவ்வளவு தைரியமாக இருக்கும்!

இந்த லைசென்ஸ் பெற 12 வயது நிரம்பியிருந்தால் போதும். மத்திய அரசின் தொலைத்தொடர்பு இலாகாவைச் சேர்ந்த வயர்லெஸ் பிரிவு பரீட்சை நடத்துகிறது. மின்னணுவியலில் ஆரம்பப் பாடமும் விதிமுறைகளும்தான் கேள்விகள். உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு உங்கள் பொறுமையைச் சோதிக்கிறதா? திட்டாதீர்கள். பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள்.

நமக்கு அந்த வேலையெல்லாம் வேண்டாம் என்கிறீர்களா? அதுவும் சரியே. லைசென்ஸ் வேண்டாத திண்ணை ஒன்று உங்கள் வாசலிலேயே இருக்கிறது. எதிர் வீட்டுப் பாட்டியிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்குப் பரீட்சை கிடையாது. இன்றைக்கு வெறும் பேச்சுப் பேசிய கதவைத்தான் நாளைக்கு நடுநிசியில் கூசாமல் தட்ட முடியும். வெள்ளம் வந்த இரவில், அந்தப் பாட்டி தனியாக இருக்கிறாள் என்று யாருக்கு ஞாபகம் வரும்? நேற்று அவளிடம் முழங்கால் வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசியவருக்குத்தான்.

ஆகையால், பாசஞ்சர் வண்டியில் உங்கள் கணவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "என்ன வெட்டிப் பேச்சு!" என்றால், "இதற்குச் சர்வதேசச் சட்டத்தில் இடம் இருக்கிறது" என்று பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, எதிரே இருக்கும் அம்மாளிடம் மறக்காமல் விலாசத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அது வரையில், வாசகியருக்கெல்லாம் என் 33!