ரின்னுக்குள் இருக்கும் மீன் எந்தப் படகில் வந்தது?

இடம்பெயர்ந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் நாட்களைக் கழித்த எமது குடும்பங்களுக்கு ரின் மீன் புதிய பண்டமன்று. கடலைக் கண்ணால் காணாத பிள்ளையும் அதன் மணத்தை அறியும். எமது கடைகளில் விற்கும் ரின்களில் பெரும்பாலும் வேறு மலிவான மீன்களே இருக்கும். ஐரோப்பாவின் பேரங்காடிகளில் அடுக்கடுக்காக வைத்திருப்பது ரூனா, அதாவது எமது சூரை இனம். அந்தச் சூரையை ஒரு கடைக்காரன் நேர்மையாக வாங்குவது எப்படி என்பதைப் பற்றியே இம்முறை எழுத விரும்புகின்றோம்.

மண்ணைக் கொத்திப் பிழைக்கும் எமக்குக் கடல் மீனின் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எமது வெங்காயத்தையும் மிளகாயையும் வாங்குகிறவன் என்ன கேட்கிறான், என்ன கேட்காமல் விடுகிறான் என்பதிலேயே எமது பிழைப்பும் தங்கியிருக்கிறது. சந்தையில் “கழிவு” என்று மூட்டைக்கு இத்தனை கிலோ வெட்டுவதை அனுபவித்தவர்களுக்கு மீனவனின் நிலையை விளக்கத் தேவையில்லை.

உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் தொன் சூரை இன மீன்கள் பிடிக்கப்படுகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் வரிச்சூரை. இது விரைவாக வளர்ந்து விரைவாகப் பெருகும். மஞ்சள் செட்டைச் சூரையும் பெருங்கண் சூரையும் அப்படியன்று. அவை முட்டையிடும் பருவத்தை அடையக் கூடிய காலம் எடுக்கும். சிக்கல் என்னவென்றால், இவற்றின் குஞ்சுகள் வரிச்சூரைக் கூட்டத்தோடு கலந்து திரிவதுதான்.

நடுக்கடலில் ஒரு மரக்கட்டை மிதந்தாலும் அதன் கீழ் மீன் கூடும். இது எமது மீனவருக்கும் தெரிந்த சங்கதி. பெரிய கம்பனிக் கப்பல்கள் இதையே தொழிலாக்கின. செய்மதிக் கருவியும், கீழே எவ்வளவு மீன் நிற்கிறதென்று அறிவிக்கும் கருவியும் பொருத்திய மிதவைகளை ஆயிரக்கணக்கில் கடலில் விடுகின்றன. மீன் சேர்ந்ததும் கப்பல் நேரே அங்கு சென்று சுருக்கு வலையால் வளைத்து அள்ளுகிறது. வரிச்சூரையோடு மற்ற இனங்களின் குஞ்சுகளும் சுறாவும் சில வேளை ஆமையும் அகப்படும். உலகின் சூரையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுருக்கு வலையால் வருவது. ரின் மலிவாக இருப்பதற்கு அதுவே முக்கிய காரணம்.

வாங்குகிறவனின் கேள்வி கடலில் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. கிழக்குப் பசிபிக் கடலில் மஞ்சள் செட்டைச் சூரை ஓங்கில்களோடு சேர்ந்து திரியும். கப்பல்கள் ஓங்கில் கூட்டத்தையே வலையால் வளைத்தன, ஏராளமானவை மாண்டன. இதைப் படமெடுத்து மக்களுக்குக் காட்டியதும் எதிர்ப்பு மூண்டது. 1990 ஏப்ரலில் அமெரிக்காவின் பெரிய ரின் மீன் கம்பனிகள், ஓங்கிலை வளைத்துப் பிடித்த சூரையை இனி வாங்குவதில்லை என அறிவித்தன. நல்ல செய்திதான். ஆனால் கப்பல்களில் பல, மேலே சொன்ன மிதவைகளை நாடிச் சென்றன. ஓங்கில் தப்பியது, சூரைக் குஞ்சு அகப்பட்டது. ரின்னில் ஓங்கில் படம் ஒட்டியிருப்பதைப் பார்த்து எல்லாம் சரியென்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்லுகின்றோம்.

வேறு வழி உண்டா என்றால், அது எமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. மாலைதீவு மீனவர் பல நூற்றாண்டுகளாகக் கழித் தூண்டிலால் சூரை பிடிப்பவர்கள். 14ஆம் நூற்றாண்டில் அங்கு நீதிபதியாகப் பணியாற்றிய இபின் பதூதா, அவர்களின் காய்ந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் போனதை எழுதி வைத்திருக்கிறார். அவர்களின் படகுக்குப் பெயர் தோனி. எமது தோணிக்கும் அதற்கும் உள்ள உறவைச் சொல்லவும் வேண்டுமா?

அவர்கள் தொழில் செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். முதலில் பவளப்பாறைகளை அண்டிய இடங்களில் சின்ன மீன்களை உயிரோடு பிடித்து, படகின் அடித்தட்டில் கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் விடுவார்கள். பின்னர் பறவைகள் வட்டமிடும் இடத்தை நோக்கிப் படகை விடுவார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அந்தச் சின்ன மீனைக் கை கையாய் அள்ளி வீச, படகின் பின்புறத்திலிருந்து நீரும் தூவப்படும். நீர் சிதறுவது மீன் துள்ளுவது போலத் தோன்ற, சூரை வெறிகொண்டு மேலே வரும். பின்தட்டில் வரிசையாக நிற்பவர்கள் நீண்ட கழியை வீசி ஒவ்வொன்றாக இழுத்துத் தலைக்கு மேலாகத் தட்டில் போடுவார்கள். தூண்டிலில் முட்பிடி இல்லாதபடியால் மீன் தானாகவே கழன்று விழும். ஒரு கழி, ஒரு தூண்டில், ஒரு மீன். ஆமைக்கோ சுறாவுக்கோ பெரும்பாலும் கேடில்லை. மீனால் வரும் வருமானம் படகுக்காரருக்கும் தொழிலாளருக்கும் பங்காகப் பிரியும்; ஒரே பிடியில் பல கைகளுக்கு வேலை. 2012 இல் இந்த மாலைதீவு வரிச்சூரைத் தொழிலுக்கு உலகளாவிய நிலைபேறான மீன்பிடிச் சான்றிதழ் கிடைத்தது.

குறை இல்லாமலும் இல்லை. இரை மீனை அளவின்றி அள்ளினால் பவளப்பாறைக்குப் பாதிப்பு. அதோடு உலகச் சூரையில் பத்தில் ஒரு பங்குகூட கழித் தூண்டிலால் வருவதில்லை. எல்லாக் கடைகளும் நாளைக்கே இதைக் கேட்டால் கொடுக்க மீன் இராது. ஆகவே சுருக்கு வலை மீனையும் வாங்கும் கடைக்காரன், மிதவை வைக்காமல் தானாகத் திரியும் கூட்டத்தில் பிடித்ததா, கப்பலில் கண்காணிப்பாளர் இருந்தாரா என்று கேட்டு, படகின் பெயர் வரை எழுத்தில் பெறவேண்டும்.

பிரித்தானியாவில் இது எப்படி நடந்தது? 2008 இலும் 2011 இலும் கிறீன்பீஸ் அமைப்பு ரூனா விற்போரை வரிசைப்படுத்தி வெளியிட்டது. இரு தடவையும் முதலிடம் சேன்ஸ்பரிஸ் பேரங்காடிக்கு; அது தன் பெயரில் விற்கும் ரின்களுக்குக் கழித் தூண்டில் மீனை வாங்கியது. கடைசி இடம் வெட்கத்தைக் கொடுத்ததோ என்னவோ, மற்றவர்களும் 2011 இல் வாக்குறுதி அளித்தார்கள். ஜோன் வெஸ்ற் என்ற பெயர்பெற்ற ரின் கம்பனி, 2016 முடிவுக்குள் மிதவை மீனை முற்றாகக் கைவிடுவதாகச் சொல்லியது. 2015 இல் பார்த்தபோது அந்த வாக்கின் மிகச் சிறு பகுதியே நிறைவேறியிருந்தது. 2016 இல் ரெஸ்கோ பேரங்காடி அக்கம்பனியின் ரின்களில் ஒரு பகுதியைத் தன் தட்டுகளிலிருந்து எடுத்துவிட்டது. மறு ஆண்டு யூலையில், அக்கம்பனியின் உரிமையாளரான தாய் யூனியன் மிதவைகளைக் குறைக்கவும் கப்பல் தொழிலாளருக்கு நடத்தை விதி வகுக்கவும் ஒப்புக்கொண்டது. சட்டம் எதுவும் வரவில்லை. தட்டில் இடமில்லை என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது.

தொழிலாளர் விடயம் தனியே சொல்லவேண்டியது. தூரக் கடலில் நிற்கும் கப்பல்கள் கரைக்கு வராமலே வேறு கப்பலுக்கு மீனை மாற்றுகின்றன. மீன் கரைக்குப் போய்விடும். மனிதன் மாதக் கணக்கில் கடலிலேயே கிடப்பான். கடவுச்சீட்டு கப்டனின் பெட்டியில், சம்பளம் முகவரின் கணக்கில். சர்வதேசத் தொழில் அமைப்பு 2007 இல் நிறைவேற்றிய 188ஆம் சமவாயம் பத்து ஆண்டுகளின் பின்னர் 2017 இல்தான் நடைமுறைக்கு வந்தது. மீனின் இனத்தை விசாரிக்கும் கடைக்காரன் அதைப் பிடித்தவனின் சம்பளச் சீட்டையும் விசாரிக்கவேண்டும் என்பது எமது கருத்து.

எமது நாடும் இந்தப் பாடத்தைப் பட்டறிந்தது. 2013 இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சூரை, வாள்மீன் வகைகளைப் புதிதாகவும் குளிரூட்டியும் அனுப்பிய நாடுகளில் இலங்கை இரண்டாமிடத்தில் இருந்தது. ஆழ்கடலுக்குப் போகும் படகு எங்கே நின்றது, என்ன பிடித்தது என்பதற்குச் சரியான பதிவில்லை என்று கூறி, 2015 ஜனவரியிலிருந்து ஒன்றியம் எமது மீனைத் தடைசெய்தது. படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தி, பதிவுப் புத்தகம் ஒழுங்குபட்ட பின்னர் 2016 யூனில் தடை நீங்கியது. கொழும்பில் கோப்பு சரியில்லாததற்கு ஏறக்குறைய 17 மாதங்கள் தண்டனை அனுபவித்தவன் கரையில் நின்ற மீனவன். உர மானியப் படிவம் வராத போகத்தில் வயலை விதைத்த எமக்கு இது விளங்கும்.

நேர்மையாய்ப் பிடித்தாலும் சந்தை கைகொடுக்கும் என்பதில்லை. மாலைதீவு 2011 இல் மிக வறிய நாடுகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதனால் 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்வைச் சலுகையும் போயிற்று. ஒன்றியத்தில் ரின் சூரைக்குரிய பொதுத் தீர்வை 24 வீதம். அதே கடலில் சுருக்கு வலைக் கப்பல்கள் சீஷெல்ஸ் துறைமுகத்தில் இறக்கும் மீன், அங்குள்ள தொழிற்சாலையில் ரின்னிலடைபட்டுத் தீர்வையின்றி உள்ளே போகிறது. கழித் தூண்டில் மீனை விரும்பும் கடைக்காரன் இந்த வித்தியாசத்தைத் தன் இலாபத்திலிருந்து ஈடுசெய்கிறானா, அல்லது “உன் மீன் விலை கூட” என்று மாலைதீவு மீனவனிடமே குறைக்கச் சொல்கிறானா? பல ஆண்டு ஒப்பந்தம் எழுதி, விலையை முன்கூட்டியே நிர்ணயித்து வாங்கினால் மீனவன் படகைத் திருத்தவும் ஐஸ் வாங்கவும் துணிவான். ஒவ்வொரு மாதமும் மலிவானவனைத் தேடி ஓடினால் அவனும் மிதவைக்கே போவான்.

எமது கூட்டுறவுக் கடைகளுக்கு ரூனா ரின் அதிகம் வருவதில்லை. ஆனால் மாலைதீவிலிருந்து மாசி வருகிறது. சம்பலுக்கு நாம் இடிக்கும் அந்தக் கருங்கட்டை, பின்தட்டில் வரிசையாய் நின்றவர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்ட அதே வரிச்சூரைதான்.